எண் மூன்றின் மீதி

2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், மேல்தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆனது. வழக்கமாகப் பதினாறு. பிளம்பரிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் தொடங்கி, குளத்தைச் சுற்றி, கடைத்தெரு வழியாக வீடு திரும்பும் நடை முப்பத்தொரு நிமிடம். ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறு என்பதால் அந்த நேரத்துக்கே மூன்று அம்மன் கோவில்களின் ஒலிபெருக்கிகளும் முழங்கத் தொடங்கியிருந்தன. வந்து செய்தித்தாள் படித்தேன். வாரத்துக்கான ஐந்து சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, திங்கள் சட்டை மேலே வரும்படி அடுக்கினேன்.

"அஞ்சும் ஒரே வெள்ளைச் சட்ட. இதுல எது திங்கள், எது செவ்வாய்?" என்றாள் மனைவி. அவள் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. எனக்குத் தெரியும் என்றேன். அதுவும் முதல் தடவை இல்லை.

வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடமாகத் தர ஆய்வு என் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்பு. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அதற்கும் முந்தையது. கதை எழுதும் பழக்கம் மட்டும் பின்னால் வந்தது. ஊரடங்கின்போது கைபேசியில் ஒருவருக்கொருவர் குட்டிக் கதைகளை அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள் நான்கு பேர், ஊரடங்கு முடிந்ததும் நேரில் சந்திக்க ஆரம்பித்தோம். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. இடம், மண்ணூர்பேட்டையில் எங்களில் ஒருவரான டீச்சர் நடத்தும் டியூஷன் சென்டர். மாடியில் ஓர் அறை, நான்கு பெஞ்சு, முந்தைய நாள் கணக்கு அழியாத கரும்பலகை.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், லேத் ஓட்டும் டர்னர் ஒருவர். அவர் கதை எழுதுவதில்லை, வலைப்பூவுக்கான பதிவுகள் எழுதுவார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். பேய்க் கதை எழுதுவார், எங்கள் வலைப்பூவை நிர்வகிப்பதும் அவர்தான். அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நாங்கள் ஐவரே. கடைசியாக, ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் அம்மா. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் அவர். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

எங்களுக்குச் சில விதிகள் உண்டு. பெரும்பாலானவை நான் போட்டவை. ஒவ்வொருவரும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். நான் பெயரை எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டு அச்செடுத்து வருவேன். யாருடையது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவர் வாசிப்பார், எல்லோரும் கருத்து சொல்வார்கள், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தன் கதையைப் பற்றித் தானே பிறர் போலக் கருத்து சொல்வதும் கூடாது. சும்மா இருக்க வேண்டும். ஐந்தும் முடிந்த பிறகுதான் எது யாருடையது என்பதை நான் சொல்வேன். ஆறு மணிக்கு மேல் வந்தது, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடுத்த வாரக் கோப்புக்குப் போகும். அதை நான் படிப்பதுகூட இல்லை. முன்பே படித்துவிட்டால் அடுத்த வாரம் எனக்கு மட்டும் அது பழைய கதையாகிவிடும் அல்லவா? அதற்காக.

அன்று 9.52க்குப் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையில் கூழ் வார்க்கும் கொப்பரைகள் வரிசையாக இருந்தன. ஒலிபெருக்கிச் சத்தத்துக்காக டீச்சர் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். அதனால் அறை புழுங்கியது. எல்லோரும் உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் அம்மா எழுந்து நின்றார். கம்பெனியில் வரிசையாகத் தைப்பவர்களின் லைனைப் பார்த்துப் பேசிப் பேசி அவருக்கு எங்கேயும் நின்றுதான் பேச வரும்.

"ஒண்ணு சொல்லிக்கறேன். இன்னிக்கு கீற அஞ்சுல என்னோடத நான் சாயந்தரம் ஆறுக்குள்ள பத்திரிகைக்கு அனுப்பணும். ஏற்கெனவே ரெண்டு கதை திரும்பி வந்துட்ச்சு. இந்தவாட்டி ஆசிரியரே கேட்டு எழுதியிருக்காரு. எதுன்னு சொல்ல மாட்டேன். நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

"எந்த மூஞ்சின்னு தெரிஞ்சாத்தான மா நேரா சொல்றது?" என்றார் டர்னர்.

அது ஒரு சிறு பத்திரிகை. ஆனால் அச்சில் வருவது. எங்கள் ஐவரில் யாருடையதும் அதுவரை அச்சில் வந்ததில்லை. முந்தைய இரண்டு கதைகளையும் திருப்பி அனுப்பியபோது, கடைசி வரியில் கருத்து சொல்லாமல் இருந்தால் போடலாம் என்று ஆசிரியர் எழுதியிருந்தாராம். நாங்களும் அதைத்தான் சொல்லிவந்தோம். குறிப்பாக டீச்சர். "முடிவு சினிமா மாதிரி இருக்கு" என்பதை அவர் சூப்பர்வைசர் அம்மாவின் கதைகளுக்கு எத்தனை தடவை சொன்னார் என்பது, கூட்டங்களில் பேசுவதை நான் குறித்துவைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

முதல் எண் தம்பியின் பேய்க் கதை. இரண்டாவது என்னுடையது, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் ஒருவரைப் பற்றியது. "நல்ல தகவல்கள்" என்றார் டர்னர். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது எண்ணைத் தம்பி வாசித்தார். அது இதுதான்:

'திருமுல்லைவாயலில் ஏறியதும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்தாள். பதினோரு வருடப் பழக்கம். நின்றிருந்த ஒருத்தி கேட்டாள், "ஆள் வராங்களா?" "வராங்க." ஓ.டி. நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஏற வேண்டியவள் ஏறவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள். "பையை எடும்மா, ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் நடத்துநர். அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.'

தம்பி தாளைக் கீழே வைத்தார்.

"யப்பா" என்றார் டர்னர். "பூட்டா, இல்ல?"

"இறந்துட்டா" என்றார் டீச்சர். "ஆனா ஒரு இடத்துலயும் இறந்துட்டான்னு சொல்லல. அதுதான் அழகு. பத்தொன்பது நாள்னு போட்டிருக்கறதக் கவனிச்சீங்களா? பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மூணு நாள் ஆயிருக்கு. சொந்தக்காரங்க எல்லாம் ஊருக்குக் கிளம்பியாச்சு. உலகம் பழையபடி ஓட ஆரம்பிச்சாச்சு. இவ மட்டும்தான் பையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

எனக்குச் சிலிர்த்தது. எண்ணை இவ்வளவு சரியாகப் பயன்படுத்திய கதையை எங்கள் குழுவில் அதுவரை யாரும் எழுதியதில்லை என்று நானும் சொன்னேன். பதிவேட்டில் அதை எழுதியும் வைத்தேன்.

"எப்டி செத்துருப்பா?" என்றார் டர்னர். "ஓ.டி. சிக்னல்ல லாரி அடிச்சிருக்கும். அதான் ஓ.டி. வந்ததும் அந்தப் பொண்ணு வாரப் புடிச்சிக்குது."

"இல்லண்ணே, காய்ச்சலா இருக்கும்ணே. லாரின்னா சத்தமான சாவு. இது அமைதியான கதைண்ணே."

"சாவுல இன்னா நைனா சத்தம், அமைதி? உன் பேய்ங்கதான் கத்துதுங்க."

கால் மணி நேரம் இப்படியே போனது. சூப்பர்வைசர் அம்மா தலையைக் குனிந்து, பென்சிலை பெஞ்சின் மேல் உருட்டிக்கொண்டே இருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். நான் ஒருவன்தானே அது அவருடையது என்று அறிந்தவன். அவருக்காக எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை முகத்தில் காட்டாமலிருக்கப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தும் முடிந்ததும் பெயர்களைச் சொன்னேன். மூன்றாம் எண் யாருடையது என்று தெரிந்ததும் டீச்சர் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதத்தான் நான் ஒன்றரை வருஷமா சொல்லிட்டிருந்தேன். அப்படியே அனுப்புங்க. ஒரு எழுத்தத் தொடாதீங்க."

எழுதியவர் பேச இரண்டு நிமிடம் உண்டு. சூப்பர்வைசர் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

தெருமுனையில் எல்லோரும் கூழ் குடித்தோம். டர்னர் இரண்டு சொம்பு. 12.40க்கு வீடு. சாப்பாடு, 1.30 முதல் 2.15 வரை தூக்கம். 2.35க்குக் கணினியைத் திறந்து, அடுத்த வாரக் கோப்பில் தாமதமாக வந்தவை ஏதும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று இருந்தது. சனிக்கிழமை மாலை 6.04க்கு வந்தது. அனுப்பியவர் சூப்பர்வைசர் அம்மா. வந்த உடனே, விதிப்படி, படிக்காமலே எடுத்து அங்கே போட்டிருந்தேன். அவருடைய கதை 5.57க்கே வந்துவிட்டதே, இன்னொன்று எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. ஆறு மணி தாண்டியதா இல்லையா என்பதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இப்போதும் படிக்கக் கூடாதுதான். ஆனால் கோப்பைத் திறந்தபோது முதல் வரி கண்ணில் பட்டுவிட்டது: 'அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறினாள்.'

முழுவதையும் படித்தேன். அது வேறு கதை அல்ல. மூன்றாம் எண்ணின் மீதி. செத்தவள் ஏறுகிறாள், பேசுகிறாள், கடைசியில் சிரிக்கவும் செய்கிறாள்.

ஆறு மணிக்கு இன்னும் மூன்றே கால் மணி நேரம் இருந்தது. கைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. ஐந்து நிமிட இடைவெளியில் மேலும் இரண்டு முறை அழைத்தேன். இதற்குள் அனுப்பியிருந்தால் என் பிழைதான் அச்சில் வரும், அவருடைய பெயரில். இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஒரே பக்கமாக அச்செடுத்தேன். குழுவின் முகவரிகள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. ஸ்கூட்டரை எடுத்து 3.05க்குக் கிளம்பினேன்.

திருமுல்லைவாயலில் அவர் வீடு ஒரு சந்தில் முதல் மாடி. 3.31க்குப் போய்ச் சேர்ந்தேன். சந்து முழுக்கக் கோவில் பாட்டு. கைபேசி அடித்தது கேட்காததில் ஆச்சரியமில்லை. கதவு திறந்திருந்தது. அவர் வயதுள்ள இன்னொரு பெண் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சார்! இன்னா சார் இவ்ளோ தூரம்? உள்ள வாங்க. ஏய், அந்தக் கீரைய அந்தாண்ட தள்ளு" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

நான் உட்காரவில்லை. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததை நின்றபடியே சொன்னேன். அவர் இரண்டு தடவையாக அனுப்பியிருக்கிறார். முதல் பாதி ஆறு மணிக்கு முன், இரண்டாம் பாதி ஆறு மணிக்குப் பின். நான் பாதியை மட்டும் அச்செடுத்துவிட்டேன். மீதியை அடுத்த வாரத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். படித்திருந்தால் தெரிந்திருக்கும், படிக்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்போ நீங்க வெட்டலையா?"

"நான் எதுக்கும்மா வெட்டப் போறேன்?"

"பஸ்ல வர்றப்ப பாதி டைப் பண்றதுக்குள்ள கூட்டத்துல கை பட்டுப் போய்ட்ச்சு. மீதிய அப்பாலிக்கா அனுப்சேன். காலைல பாத்தா பாதிதான் கீது. சார் வெட்டிட்டாருன்னு நெனச்சேன். சார் வெட்டுனா காரணம் இருக்கும்ல? அதுக்கேத்த மாதிரி எல்லாரும் ஆகா ஓகோன்றாங்க. டீச்சர் வந்து கையப் புடிக்கிறாங்க. அவங்க என் கையப் புடிச்சதே இல்ல சார். எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. பாதியத்தான் டைப் பண்ணி ரெடியா வெச்சிகினு கீறேன். ஒரு மணிலேர்ந்து. அமுக்கக் கை வர்ல." கண்ணால் தரையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினார். "இவள வெச்சிகினு எப்டி அமுக்கறது?"

கீரை உருவிய கை நின்றது. "என்ன வெச்சிகினு இன்னாடி?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கதையில் ஓ.டி.யில் ஏற வேண்டியவர் இவர். விவரத்தை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்: ஒரே கம்பெனி, ஒரே லைன், பதினோரு வருடமாக ஒரே பஸ். ஜூன் மாதம் இவர் தைத்த காலர் கட்டு ஒன்றைச் சூப்பர்வைசர் அம்மா எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். பத்தொன்பது நாள் பேச்சு நின்றுபோனது. முகத்தில் விழிக்கக் கூடாதென்று இவர் தினமும் ஒரு நிறுத்தம் நடந்துபோய் வேறு பஸ் பிடித்திருக்கிறார். அந்தப் பத்தொன்பது நாளும் சூப்பர்வைசர் அம்மா பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டேதான் போயிருக்கிறார். அதை எழுதி அச்சில் காட்டுவதாகத் தோழியிடம் வாக்கும் கொடுத்திருக்கிறார்.

இப்போது விஷயத்தைத் தோழிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பாதிய மட்டும் படிச்சுட்டு, நீ செத்துட்டன்னு சொல்லிட்டாங்கடி."

"நானா? எப்போ?"

"பத்தொம்பது நாள் ஆச்சாம்."

"காரியம்லாம் ஆச்சா?"

"ஆச்சு. டீச்சர் கணக்கு போட்டு சொன்னாங்க. பதினாறு போக மூணு நாள் மீதி."

"எதுல செத்தனாம்?"

"ஒருத்தர் லாரின்றாரு. ஒருத்தர் காய்ச்சல்ன்றாரு."

"சீக்கிரம் ஒரு முடிவுக்கு வரச் சொல்லுடி. நானும் வூட்ல சொல்லணும்ல?"

இருவரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போயிற்று. கீரை முழுக்கத் தரையில். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்து முடித்தபோது மணி நான்கு. சூப்பர்வைசர் அம்மாவின் முகம் மாறியது. கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி சார். இப்போ எத அனுப்பறது? பாதிய அனுப்சா கண்டிப்பா போட்ருவாங்க. நாலு பேரு சொல்லியாச்சு. முழுசு அனுப்சா மூணாவது தடவையா திரும்பி வரும். இனிமே அவரு கேக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க."

நான் சொல்லக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். காலையில் அறியாமலே ஒரு தடவை அவருக்காக முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் கேட்டவருக்கு உண்மையைச் சொல்லாமலிருப்பதும் சரியில்லை. அச்செடுத்துவந்த தாளை இருவருக்கும் நடுவில் வைத்து, இரண்டாம் பாதியை வாசித்தேன்:

'அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறினாள். முகத்தில் விழிக்காமலிருக்கத் தினமும் ஒரு நிறுத்தம் நடந்து வேறு பஸ் பிடிப்பவள், இன்று அவசரத்தில் எண்ணைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்றபடி பையைப் பார்த்தாள். "தெனமும் இப்டித்தான் வெச்சிகினு வரியா?" பதில் இல்லை. "பொம்பளைக்குத்தான் ஃப்ரீ. பைக்குமா?" இருவரும் சிரித்துவிட்டார்கள். கோபம் எங்கோ பறந்துபோனது. நட்பு என்பது ஒருவருக்காக இன்னொருவர் பிடித்துவைக்கும் இடம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.'

"பைக்குமான்னு நான்தான் கேட்டேன் சார். நெசமாவே" என்றார் தோழி.

அந்த வரிதான் இந்தக் கதை என்றேன். காலையில் நாங்கள் பாராட்டியது நன்றாக முடிந்த ஒரு பாதி. அதைப் போல யாரும் எழுதலாம்; நாங்களுமே எழுதியிருக்கிறோம், எங்கள் கதைகளில் ஆட்கள் செத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 'பைக்குமா' என்று கேட்கும் வரி எங்கள் பதிவேட்டில் எங்கும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் வரும் மூன்று வாக்கியமும் வேண்டாம். சிரித்தார்கள் என்பதும், கோபம் பறந்ததும், நட்பைப் பற்றிய கருத்தும். இதுவரை கதை திரும்பி வந்ததற்குக் காரணமே அந்த மாதிரி வாக்கியங்கள்தான்.

சூப்பர்வைசர் அம்மா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, காலையில் பெஞ்சின் மேல் உருட்டிய அதே பென்சிலால் கடைசி வாக்கியத்தை அடித்தார். அடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நைட்டு முழுக்க யோசிச்சு எழுதுன வரி சார்." பிறகு கோபம் பறந்ததை அடித்தார். சிரித்ததை அடிக்க இன்னும் சிறிது நேரம் எடுத்தது.

"அப்போ 'பைக்குமா'ல முடிச்சிடலாமா?"

"முடிச்சிடலாம்" என்றேன்.

"அதெப்டி?" என்றார் தோழி. "பைய எடுக்கவே இல்லியே. நான் எங்க ஒக்கார்றது? எஸ்டேட் வரிக்கும் நிக்கணுமா?"

வாசகர் ஊகித்துக்கொள்வார் என்று நான் விளக்கினேன். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

"காலைல நாலு பேரு ஊகிச்சீங்களே, இன்னா ஆச்சு? என்னக் கொன்னு காரியமும் பண்ணிட்டீங்க. ஒயுங்கா எழுதுடி, நான் ஒக்காந்தேன்னு."

சூப்பர்வைசர் அம்மா சற்று யோசித்து, 'பைக்குமா?' என்பதற்குக் கீழே எழுதினார்: 'அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.' தோழி அதை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். நான் அந்த வரி இல்லாமலும் கதை நிற்கும் என்று இன்னொரு முறை சொன்னேன். "நிக்கும் சார். ஆனா இவ ஒக்காரணும்" என்றார் சூப்பர்வைசர் அம்மா. அந்த நிமிடத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

கதை 5.43க்குப் போயிற்று. தலைப்பு 'ஆள் வராங்க'. அதையும் அவரே போட்டார். மூன்று மாதம் கழித்து அது அச்சில் வந்தபோது ஒரு சொல்லும் மாறியிருக்கவில்லை. மடியில் பை வைத்த வரியும் அப்படியே இருந்தது. தோழி அந்தப் பக்கத்தை லைன் முழுக்கச் சுற்றுக்கு விட்டாராம்.

அவர்கள் கொடுத்த கூழையும் கருவாட்டுக் குழம்பையும் சாப்பிட்டுவிட்டு 6.25க்கு வீடு திரும்பினேன். மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். முழுவதையும் சொன்னேன். எங்கள் குழுவைப் பற்றி அவள் கடைசிவரை கேட்டது அதுதான் முதல் முறை. "ஆறு மணின்னா ஆறு மணியா? நாலு நிமிஷம்" என்றாள். ஆறு மணி என்பது ஆறு மணிதான் என்றேன். ஆனால் தாமதமாக வருவதையும் இனிமேல் படித்துவிட்டே எடுத்துவைப்பேன் என்று சொன்னேன்.

ஏழு மணிக்கு எங்கள் கைபேசிக் குழுவில், நடந்ததை எழுதி, முழுக் கதையையும் போட்டேன். முதல் பதில் டர்னரிடமிருந்து குரல் பதிவாக வந்தது: "இன்னா சார் இது! வூட்டுக்கு வந்து என் சம்சாரத்துக்குக் கதைய சொன்னேன். அது அழுதுகினு கீது. இப்போ போயி இன்னான்னு சொல்வேன், எய்ந்து வந்துட்டான்னா?" தம்பி, செத்தவள் பஸ்ஸில் ஏறுவது தன் வகைக் கதை என்றும், இதில் தனக்கு உரிமைப் பங்கு வேண்டும் என்றும் எழுதினார்.

டீச்சரிடமிருந்து இருபது நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு எழுதினார்: முழுக் கதையையும் இரண்டு முறை படித்தேன், 'பைக்குமா' மிக நன்றாக இருக்கிறது, ஆனாலும் எனக்குப் பாதிதான் பிடித்திருக்கிறது, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். பதினாறாம் நாள் கணக்கில் தவறு இல்லை என்றும் சேர்த்திருந்தார். அதற்குச் சூப்பர்வைசர் அம்மா எழுதிய பதில்: 'அடுத்த வாரம் அவளக் கூட்டிட்டு வரேன் டீச்சர். நேர்ல பாத்துட்டு சொல்லுங்க.' டீச்சர் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினார். எங்கள் குழுவில் அவர் அதுவரை அப்படி எதையும் அனுப்பியதில்லை.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் போதவில்லை. ஒரு தாளை இணைத்து எழுதினேன். 9.40க்குப் படுத்தேன்.

திங்கள் காலை 5.20க்கு எழுந்ததும், மோட்டார் சுவிட்ச் பக்கம் போகாமல், முதலில் கணினியைத் திறந்தேன். மூன்றாம் எண்ணின் பக்கத்தில் பாதிக் கதையை அழித்துவிட்டு, பத்திரிகைக்குப் போன வடிவத்தை ஏற்றி ஐந்து பிரதிகள் அச்செடுத்தேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் பேனாவால் எழுதினேன்: 'ஞாயிறன்று நான் உங்களுக்குக் கொடுத்தது இதில் பாதி. இதுவே முழுமை.' கீழே கையெழுத்திட்டேன்.